ப்ரீசார்ட் மென்பொருளை அமைப்பது: முகவரிப் பட்டியலில் தொடங்கி ட்ரே வரை

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்காவில் வரிக்கணக்கு பார்க்கும் ஒரு சிறிய அலுவலகம். மாதம் ஏறக்குறைய 3,000 கடிதங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போகின்றன. இதுநாள்வரை ஒவ்வொன்றுக்கும் முழுக் கட்டணம் கட்டி அனுப்பினார்கள். இப்போது, கடிதங்களைப் போகுமிடவாரியாக முன்கூட்டியே பிரித்து வரிசைப்படுத்தும் ப்ரீசார்ட் மென்பொருள் ஒன்றை வாங்கி, எக்செல் பட்டியலை அதில் ஏற்றியிருக்கிறார்கள். 3,000 கடிதங்களில் 1,900க்குத்தான் பார்கோடு தள்ளுபடி கிடைத்தது. போதாக்குறைக்கு, கடிதங்களை அடுக்கிக் கொண்டுபோன ட்ரேக்களை அஞ்சலகத்தில் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "மென்பொருள் அமைப்பில் எங்கே தவறு செய்தோம்?" என்று கேட்கிறீர்கள்.

பல வருடங்களாக மெயில் ரூமில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. 1,100 கடிதங்கள் தள்ளுபடியை இழந்தது முகவரிப் பட்டியலால். ட்ரேக்கள் திரும்பி வந்தது, மென்பொருள் தந்த வரிசை அச்சடிக்கும்போது கலைந்துபோனதால் என்றே நினைக்கிறேன். ப்ரீசார்ட் திரையில் இருக்கும் நூறு பொத்தான்களில் அநேகமாக எதுவும் தவறில்லை. எல்லோரும் அந்தத் திரையில்தான் மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

தபால் துறை எதற்காகத் தள்ளுபடி தருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும். 1963 ஜூலையில், நம்மூர் பின்கோடு போன்ற ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது. 1983இல் அதோடு நான்கு இலக்கங்கள் சேர்ந்தன, அதுதான் ஜிப்+4. கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது, முகவரியைப் படித்து பார்கோடு போடுவது, இடம் மாறியவர்களின் கடிதத்தைத் திருப்பிவிடுவது எல்லாம் தபால் துறை ஆள் வைத்து, எந்திரம் வைத்துச் செய்யும் வேலைகள். அவற்றில் ஒரு பங்கை நீங்களே செய்து கொடுத்தால், அதற்கான கூலியைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். தள்ளுபடி என்பது அந்தக் கூலி. அதனால்தான் அஞ்சலகத்தில் அத்தனை சோதனை. நீங்கள் செய்ததாகச் சொல்லும் வேலையை உண்மையில் செய்தீர்களா என்று பார்க்கிறார்கள். உங்கள் மென்பொருளின் பாதி வேலை அதைச் செய்வது, மீதிப் பாதி செய்ததற்கு ஆதாரம் தயாரிப்பது.

முதலில் எந்த வகுப்பில் அனுப்புகிறீர்கள் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங் மெயில் மலிவு, 200 கடிதங்களோ 50 பவுண்டோ இருந்தாலே போதும். 2017வரை அதற்கு ஸ்டாண்டர்ட் மெயில் என்று பெயர். ஆனால் பில், கணக்கு விவரம், ஒருவருடைய வரி சம்பந்தமான தனிப்பட்ட தகவல் இருக்கும் கடிதம் எதையும் அதில் அனுப்பக்கூடாது, ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். அதற்குக் குறைந்தபட்சம் 500 கடிதங்கள் வேண்டும். "வரி சீசன் வந்துவிட்டது, எங்களிடம் வாருங்கள்" என்கிற விளம்பரக் கடிதம் மட்டும் என்றால் மார்க்கெட்டிங் மெயில் சரி. ஒன்று நினைவிருக்கட்டும்: தனியாகக் குறிப்பு அச்சடிக்காத மார்க்கெட்டிங் மெயில் கடிதம் போய்ச் சேராவிட்டால் உங்களிடம் திரும்பி வராது, புதிய முகவரிக்கும் போகாது. ஃபர்ஸ்ட் கிளாஸில் இரண்டும் கட்டணத்திலேயே அடக்கம். உங்கள் மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனி வார்ப்புரு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் என்றாவது ஒருநாள் தவறான வகுப்பில் அறிக்கை போய்விடும்.

கணக்குகள் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். யு.எஸ்.பி.எஸ்., அதாவது அமெரிக்கத் தபால் துறையின் பிசினஸ் கஸ்டமர் கேட்வே இணையதளத்தில் பதிவு செய்தால் உங்கள் அலுவலகத்தை அடையாளம் காட்டும் சி.ஆர்.ஐ.டி. எண் கிடைக்கும், அதே இடத்தில் பார்கோடுக்குள் போகும் மெயிலர் ஐ.டி. எண்ணையும் கேட்டு வாங்கலாம், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மெயிலர் ஐ.டி. 6 இலக்கமாகவோ 9 இலக்கமாகவோ இருக்கும். உங்கள் அளவுக்கு 9 இலக்கம்தான் வரும். உறையில் ஸ்டாம்புக்குப் பதில் அச்சடித்த கட்டம் போட வேண்டும் என்றால் பெர்மிட் வேண்டும். அதற்கும் வருடாந்திர அஞ்சல் கட்டணத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். இந்த மூன்று எண்களையும் மென்பொருளின் 'மெயிலர்' பக்கத்தில் ஒருமுறை சரியாக ஏற்றிவிட்டால் மறுபடி தொட வேண்டாம். ஒரு இலக்கம் மாறினாலும் மின்னணுக் கட்டண அறிக்கை அப்படியே நிராகரிக்கப்பட்டுவிடும் என்பதால், தட்டச்சு செய்யாமல் கேட்வேயிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

இனிப் பட்டியல். இங்கே நிதானமாகவே சொல்கிறேன், உங்கள் 1,100 கடிதங்கள் இங்கேதான் தொலைந்தன.

எக்செல் செய்யும் முதல் கெடுதல், ஜிப் கோடின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடுவது. நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், வெர்மான்ட், ரோட் ஐலண்ட் என்று அந்தப் பக்கத்து ஜிப் கோடுகளெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும். 07302 என்பது எக்செலில் 7302 ஆகிவிடும். சில மென்பொருள் இதைத் தானே சரிசெய்யும், சில செய்யாது. பட்டியலை ஏற்றும்போது அந்தப் பத்தி 'எண்' ஆக இல்லாமல் 'உரை' ஆக வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பத்திகளைப் பொருத்துவது. பல அலுவலகப் பட்டியல்களில் முகவரி 1, முகவரி 2 என்று இரண்டு பத்திகள் இருக்கும்; ஒருவர் தெருவை முதலில் போட்டிருப்பார், இன்னொருவர் கம்பெனிப் பெயரைப் போட்டிருப்பார், மூன்றாமவர் "கவனத்துக்கு" என்று ஒரு பெயரை எழுதியிருப்பார். மென்பொருளுக்குத் தெரு எது என்று தெரியாவிட்டால் ஜிப்+4 கிடைக்காது. ஜிப்+4 இல்லையேல் பார்கோடு தள்ளுபடி இல்லை. கம்பெனிக்கு ஒரு பத்தி, நபருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, அபார்ட்மென்ட் அல்லது சூட் எண்ணுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டு ஏற்றுங்கள். ஒரு மதியம் முழுக்கப் போகும். ஆனால் ஒருமுறைதான்.

பிறகு காஸ். தபால் துறை சான்றளித்த முகவரிச் சரிபார்ப்புக்கு அந்தப் பெயர். உங்கள் மென்பொருளில் 'முகவரி சரிபார்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதுதான். அது எழுத்துப்பிழையைத் திருத்தும், தெருப் பெயரைச் சீராக்கும், ஜிப்+4 சேர்க்கும். கிராமப்புற ரூட் முகவரி அவசர உதவிக்காகத் தெரு முகவரியாக மாறியிருந்தால் லாக்ஸ்லிங்க் என்கிற பகுதி அதை மாற்றிக் கொடுக்கும். அலுவலகக் கட்டடங்களுக்கு விட்டுப்போன சூட் எண்ணை ஸூட்லிங்க் சேர்க்கும். முடிந்ததும் 3553 என்கிற படிவம் அச்சாகும். அதைக் கோப்பில் வையுங்கள்.

ஆனால் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோவது டி.பி.வி. குறியீட்டைத்தான். அந்த வீட்டு எண்ணுக்கு உண்மையிலேயே தபால் போகிறதா என்று சொல்லும் ஓர் எழுத்து அது. 'ஒய்' என்றால் முழுதும் சரி. 'டி' என்றால் கட்டடம் இருக்கிறது, அபார்ட்மென்ட் எண் விட்டுப்போயிருக்கிறது. 'எஸ்' என்றால் அபார்ட்மென்ட் எண் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அப்படி ஓர் எண் அந்தக் கட்டடத்தில் பதிவில் இல்லை. 'என்' என்றால் கட்டடமே உறுதியாகவில்லை. 'டி'யில் ஓர் ஏமாற்று இருக்கிறது: கட்டடத்துக்குப் பொதுவான ஜிப்+4 கிடைத்துவிடும், தள்ளுபடியும் கிடைக்கும், ஆனால் 200 வீடுகள் இருக்கும் கட்டடத்தின் வாசலில் அந்தக் கடிதம் அநாதையாக நிற்கும். தள்ளுபடி கிடைத்த கடிதமெல்லாம் போய்ச் சேரும் கடிதம் ஆகிவிடாது. 'டி' வந்த வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மென்பொருள் உதவாது.

காஸ் முடிந்த பிறகுதான் இரட்டைப் பதிவுகளைக் களையுங்கள். முன்னாலேயே செய்தால், ஒரே வீடு இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதை மென்பொருள் அடையாளம் காணாது.

அதற்குப் பிறகு என்.சி.ஓ.ஏ.லிங்க், அதாவது இடமாற்றப் பதிவுகளோடு ஒப்பிடுவது. ஃபர்ஸ்ட் கிளாஸ், மார்க்கெட்டிங் மெயில் இரண்டின் தள்ளுபடிக் கட்டணத்துக்கும் இடமாற்றச் சரிபார்ப்பு கட்டாயம்: அனுப்பும் நாளுக்கு முந்தைய 95 நாட்களுக்குள் உங்கள் பட்டியல் இடமாற்றத்துக்காகச் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பட்டியல் மாதாமாதம் போவதால் மாதாமாதம் ஓட்டிவிடுங்கள், 95ஐ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முழுச் சேவை தருபவர்களிடம் 48 மாதப் பதிவுகள் இருக்கும், சிறிய உரிமம் உள்ளவர்களிடம் 18 மாதம்தான். வாங்கிய மென்பொருளின் பொதியில் எது அடக்கம் என்று கேளுங்கள். முதல்முறை சுத்தம் செய்யும் பழைய பட்டியலுக்கு 48 மாதம்தான் உதவும். பட்டியலின் உரிமையாளர் என்ற முறையில் வருடத்துக்கு ஒருமுறை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பிட அனுப்பும் பட்டியலில் குறைந்தது 100 பெயர்–முகவரிகளாவது இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பட்டியலுக்கென்று ஒரு வார்த்தை. என்.சி.ஓ.ஏ. பெயரையும் பழைய முகவரியையும் சேர்த்துத்தான் பொருத்தும். குடும்பமாக இடம் மாறினோம் என்று ஒருவர் பதிந்தால் அது குடும்பப் பெயரை வைத்து மட்டும் பொருந்தும். நம் வீடுகளில் கணவருக்குக் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர். ஆக, கணவர் 'குடும்பம்' என்று பதிந்திருந்தாலும் மனைவி பெயரில் இருக்கும் உங்கள் பதிவு பொருந்தாது. இனிஷியலை முதல் பெயர்ப் பத்தியிலும் பெயரைக் கடைசிப் பெயர்ப் பத்தியிலும் போட்டிருந்தால் அதுவும் பொருந்தாது. "பொருத்தம் இல்லை" என்று வந்ததை "இடம் மாறவில்லை" என்று படிக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் என்றால், பாஸ்போர்ட்டிலோ வரிப் படிவத்திலோ இருக்கும் பெயர் வரிசையைப் பட்டியலுக்கும் கொண்டுவாருங்கள். ஒரு வரிக்கணக்கு அலுவலகத்துக்கு அது கையிலேயே இருக்கிறதே.

புதிய முகவரி கிடைத்தால் பழையதை அழித்து எழுதிவிடாதீர்கள். தனிப் பத்தியில் வைத்து, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். பிரிந்து வாழும் கணவன் மனைவி இருவருக்கும் போக வேண்டிய கடிதங்கள் ஒரே முகவரிக்குப் போய்விட்டால், அந்தச் சங்கடத்தை எந்தத் தள்ளுபடியும் ஈடுசெய்யாது. விளம்பரக் கடிதமாக இருந்தால் மட்டும் பெயரோடு "அல்லது தற்போது குடியிருப்பவர்" என்று சேர்த்து இடமாற்றச் சரிபார்ப்பிலிருந்து விலக்குப் பெறலாம். வரிக் கடிதத்தில் அந்த வழியை நினைத்தே பார்க்காதீர்கள்.

இப்போதுதான் ப்ரீசார்ட் திரை. நீங்கள் பயந்த அளவுக்கு இங்கே ஒன்றுமில்லை. தானியங்கிக் கடிதங்களுக்கு, அதாவது பார்கோடு போட்டு எந்திரத்தில் பிரிபடும் கடிதங்களுக்கு, மூன்று படிகள். ஒரே ஐந்து இலக்க ஜிப்புக்குப் போகும் 150 கடிதங்கள் சேர்ந்தால் அது 5-டிஜிட் ட்ரே, அதுதான் மிக மலிவு. அப்படிச் சேராதவை, ஒரு வட்டார மையத்தின் கீழ் வரும் பல ஜிப்புகளாக 150 சேர்ந்தால் ஏ.ஏ.டி.சி. ட்ரே. அதுவும் சேராதவை கலப்பு ட்ரேக்குப் போகும், அதற்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல். பார்கோடே இல்லாதவை இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கும். எந்த ஜிப் எந்த மையத்தின் கீழ் வருகிறது என்கிற பட்டியல்கள் அவ்வப்போது மாறும், மென்பொருள் அவற்றைத் தன்னோடு வைத்திருக்கும். அதனால் அனுப்பும் தேதி என்று கேட்கும் இடத்தில் உண்மையான தேதியைப் போடுங்கள். எந்தப் பட்டியலைப் பயன்படுத்துவது, எந்தக் கட்டணத்தை எடுப்பது என்று அந்தத் தேதியை வைத்துத்தான் மென்பொருள் முடிவு செய்கிறது.

150 என்கிற எண்ணில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒரு ஜிப்பில் 140 கடிதங்கள் இருந்தால் அந்த 140ம் மேல் கட்டணத்துக்குப் போய்விடும். இன்னும் 10 சேர்ந்தால் 150ம் கீழே இறங்கும். மாதம் இரண்டு தடவை 1,500 அனுப்புகிறீர்கள் என்றால், ஒரே தடவையாக 3,000 அனுப்பிப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பவர்கள் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் உண்மையில் அனுப்பாமலேயே இரண்டு விதமாகவும் ஓட்டி அறிக்கையை ஒப்பிடலாம். அந்தச் சோதனையை முதல் மாதமே செய்யுங்கள்.

பார்கோடு பற்றி. முன்பு போஸ்ட்நெட் என்று உயரமும் குட்டையுமான கோடுகள் இருந்தன, 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு, ஐ.எம்.பி. என்பார்கள். 65 கோடுகள், ஒவ்வொன்றும் நான்கு நிலைகளில் ஒன்று, உள்ளே 31 இலக்கங்கள் வரை. முதலில் 2 இலக்க அடையாளம், பிறகு 3 இலக்கச் சேவை வகை, உங்கள் மெயிலர் ஐ.டி., வரிசை எண், கடைசியில் போய்ச் சேரும் இடத்தின் எண். மெயிலர் ஐ.டி. 9 இலக்கம் என்றால் வரிசை எண் 6 இலக்கம், ஐ.டி. 6 என்றால் வரிசை எண் 9. கடைசிப் பகுதியில் ஜிப்+4உம் பொதுவாக வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் சேர்ந்து 11 இலக்கம் இருக்கும்.

ஃபுல் சர்வீஸ் என்கிற கூடுதல் தள்ளுபடி வேண்டும் என்றால் ஒவ்வொரு கடிதத்தின் பார்கோடும் 45 நாட்களுக்குத் திரும்ப வராத தனி எண்ணாக இருக்க வேண்டும். மென்பொருளில் வரிசை எண்ணை 'கடைசி எண்ணிலிருந்து தொடர்' என்று அமையுங்கள். பல மென்பொருள்களில் ஒவ்வொரு வேலைக்கும் 1இலிருந்து தொடங்குவதுதான் இயல்பு அமைப்பாக இருக்கும்; மாதம் ஒருமுறை அனுப்புகிறவர் இதில் மாட்டிக்கொள்வார். 30 நாள் இடைவெளி 45க்குள் வந்துவிடுகிறதல்லவா! ஃபுல் சர்வீஸில் இன்னொரு வசதி, இடம் மாறியவர்களின் திருத்தம் மின்னணு முறையில் இலவசமாக உங்களுக்கு வரும். கட்டணக் குறைப்பைவிட அந்தத் திருத்தத்துக்கே அதன் மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். முந்தைய மாதத் திருத்தங்களை அடுத்த மாதப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

எக்செலின் இரண்டாவது கெடுதல் இங்கே வருகிறது. அது 15 இலக்கங்களுக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. ப்ரீசார்ட் முடிந்த கோப்பை "ஒரு பார்வை பார்க்கலாம்" என்று எக்செலில் திறந்து சேமித்துவிட்டால், 31 இலக்க எண்ணின் வால் முழுக்கப் பூஜ்யமாகிவிடும். பார்கோடு அச்சாகும், பார்க்க அழகாகவும் இருக்கும், எந்திரம் படிக்கும்போதுதான் எல்லாக் கடிதமும் ஒரே எண்ணாகத் தெரியும்.

மூன்றாவது கெடுதல், உங்கள் ட்ரேக்களைத் திருப்பியது. ப்ரீசார்ட் செய்த கோப்பில் வரிசைதான் எல்லாம். முதல் 162 பதிவுகள் முதல் ட்ரே, அடுத்த 310 அடுத்த ட்ரே என்று அது எண்ணி வைத்திருக்கும். அந்தக் கோப்பை யாராவது பெயர் வரிசையில் மாற்றி அச்சடித்தால், அச்சான கடிதங்களுக்கும் ட்ரே சீட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். கடிதத்தை மடித்து உறையில் போடும் எந்திரம் பின்பக்கமாகத் தள்ளினாலும் ஒவ்வொரு கட்டும் தலைகீழாகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை 4,000 கடிதங்களை நான்கு பெட்டிகளாக அச்சடித்துவிட்டு, மூன்றாவது பெட்டியை இரண்டாவதுக்கு முன்னால் எந்திரத்தில் வைத்தேன். ட்ரே சீட்டு எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே இருந்த கடிதங்கள் வேறு மாநிலத்துக்குரியவை. இரவு பதினொரு மணிவரை கையால் பிரித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் முகவரிக்கு மேலே சிறிய எழுத்தில் வரிசை எண்ணும் ட்ரே எண்ணும் அச்சடிக்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. உங்கள் மென்பொருளில் முகவரிக்கு மேல் ஒரு வரி சேர்க்க வசதி இருக்கும். எந்தப் படியில் பிரிக்கப்பட்டது என்று சொல்லும் வரியும் அங்கேதான் வரும். ட்ரே மாறும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடச் சொன்னால், உறைகளை அடுக்குபவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

கெட்டுப்போன கடிதங்களுக்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். எந்திரம் கிழித்த உறையை மறுபடி அச்சடித்து, அதே வரிசை எண் உள்ள இடத்தில் செருக வேண்டும். கடைசியில் மொத்தமாகச் சேர்க்கக்கூடாது. பெர்மிட் கட்டம் போட்ட கடிதங்களின் எண்ணிக்கையை எடை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்: மொத்த எடையை ஒரு கடிதத்தின் எடையால் வகுப்பார்கள். ஆகவே எல்லாக் கடிதமும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தாள், இன்னொருவருக்கு மூன்று தாள் போகிறது என்றால் ஒரே பெர்மிட் வேலையில் கலக்காதீர்கள். தாள் எண்ணிக்கைவாரியாகப் பட்டியலைப் பிரித்துத் தனி வேலைகளாக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் 500ஐத் தொட வேண்டும். அல்லது, ஒவ்வொரு உறையிலும் எந்திரமே கட்டணத்தை அச்சடிக்கும் மீட்டர் முத்திரைக்குப் போய்விடலாம். ஃபர்ஸ்ட் கிளாஸ் தள்ளுபடிக் கடிதத்துக்கு 3.5 அவுன்ஸ் வரை ஒரே கட்டணம் என்பதால் மீட்டரில் பணம் அதிகமாகாது. கலவையான தாள் எண்ணிக்கை உள்ள உங்கள் அலுவலகத்துக்கு மீட்டரே தோது.

உறையைப் பற்றி இரண்டு விஷயம். தானியங்கிக் கடிதத்தின் உயரம் 3.5 முதல் 6.125 அங்குலம், நீளம் 5 முதல் 11.5 அங்குலம், தடிமன் கால் அங்குலத்துக்குள். நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3க்கும் 2.5க்கும் இடையில் வர வேண்டும். சதுர உறை அழகாக இருக்கும், தள்ளுபடி தராது. ஜன்னல் உறை என்றால், கடிதத்தை உள்ளே போட்டு மேசையில் இடப்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்கோடு முழுதாகத் தெரிய வேண்டும், இரு ஓரங்களிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். அச்சடிக்கும்போது 'பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு' என்கிற தேர்வை எடுத்துவிடுங்கள். அது கோடுகளின் நெருக்கத்தை மாற்றிவிடும். அச்சு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எந்திரம் படிக்காது.

ட்ரேக்களும் அவற்றின் மேலுறைகளும் தபால் துறையே தரும், விலை இல்லை. சீட்டின் முதல் வரி போகுமிடம், இரண்டாவது உள்ளே என்ன இருக்கிறது, மூன்றாவது எங்கிருந்து வருகிறது. இவற்றைக் கையால் எழுதாதீர்கள், மென்பொருள் தரும் சீட்டை அளவு மாறாமல் அச்சடியுங்கள்.

கடைசியாகக் கட்டண அறிக்கை. ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 3600 வரிசைப் படிவம், மார்க்கெட்டிங் மெயிலுக்கு 3602. பெரிய அளவில் அனுப்புகிறவர்கள் மெயில்.டாட் என்கிற கோப்புத் தொகுப்பாக மென்பொருளிலிருந்தே தபால் துறையின் போஸ்டல்ஒன் கணினி அமைப்புக்கு அனுப்புவார்கள். நீங்கள் முதல் இரண்டு மாதம் கேட்வேயில் இருக்கும் போஸ்டல் விஸார்டில் கையால் எண்களை ஏற்றுங்கள். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கைக்குப் பழகிவிடும். அதன் பிறகு மெயில்.டாட்டுக்கு மாறலாம். முதல் அனுப்பலுக்கு முன்னால் மொத்தக் கடிதங்களை வாங்கிச் சோதிக்கும் உங்கள் பகுதி பிசினஸ் மெயில் என்ட்ரி யூனிட்டுக்கு ஒரு மாதிரிக் கடிதத்தோடு நேரில் போய்க் காட்டுங்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருகிற ஆட்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளின் தரவுக்கு ஆயுள் உண்டு. முகவரித் தரவு பழசானால் காஸ் பகுதி தானாகவே நின்றுவிடும். அது அநேகமாக நீங்கள் அவசரத்தில் இருக்கும் நாளாகத்தான் இருக்கும். மாதாந்திரப் புதுப்பித்தலை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். சாதாரணத் தானியங்கிக் கடிதங்களுக்கு காஸ் வேலை அனுப்பும் நாளுக்கு 180 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும், தபால்காரரின் சுற்றுவாரியாகப் பிரித்துக் கேரியர் ரூட் கட்டணம் கேட்டால் 90 நாட்கள். ஒவ்வொரு அனுப்பலுக்கும் புதிதாக ஓட்டிவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது. கட்டணம் மாறும் காலத்தில் மென்பொருளின் புதிய பதிப்பையும் ஏற்றுங்கள், பழைய விலையில் தயாரித்த அறிக்கையை ஏற்கமாட்டார்கள்.

இவ்வளவு உழைப்பும் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா? ஒரு கடிதத்துக்கு மிச்சமாகும் சென்டை வருடத்துக்கான 36,000 கடிதங்களால் பெருக்குங்கள். அதிலிருந்து மென்பொருள் சந்தா, வருடாந்திர அஞ்சல் கட்டணம், ஒரு ஆளின் மாதம் ஒருநாள் சம்பளம் மூன்றையும் கழியுங்கள். வாடிக்கையாளர்கள் ஒரே வட்டாரத்தில் இருந்தால் நிச்சயம் மிஞ்சும். நாடு முழுக்கச் சிதறியிருந்தால், பல கம்பெனிகளின் கடிதங்களைச் சேர்த்துப் பிரிக்கும் ப்ரீசார்ட் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. அவர்களிடம் எல்லா ஜிப்புக்கும் 150 சேரும், உங்களிடம் சேராது. அப்போதும் பட்டியலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். தள்ளுபடி கிடைக்காத அந்த 1,100 பதிவுகளை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, ஜிப் கோடு நான்கு இலக்கமாக இருப்பவற்றை முதலில் பிரியுங்கள். அடுத்து, தெருப் பத்தியில் கம்பெனிப் பெயர் உட்கார்ந்திருப்பவற்றைப் பிரியுங்கள். இரண்டையும் சரிசெய்து காஸை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் 'என்' என்று மிஞ்சுகிறவர்களின் பட்டியலை அச்சடித்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.